நாற்காலிக்குச் சொன்ன மன்னிப்பு

அண்ணியின் குரலைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. முகத்தைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. பேருந்து நிலையத்து மாடியில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று மைக்கில் அறிவிப்பதுதான் அவருடைய வேலை. பொத்தானை அழுத்தியதும் பேசிவிட மாட்டார். கூட்டம் தலையைத் தூக்குவதற்கு ஒரு மூச்சு நேரம் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குவார். எதையும் இரண்டு தடவை சொல்வார். தாமதமான வண்டி என்றால் குரலில் கொஞ்சம் வருத்தம் சேர்த்துக்கொள்வார். அந்த வருத்தத்துக்காகவே ஜனங்கள் சண்டை போடாமல் காத்திருக்கிறார்கள் என்று நிலைய மேலாளர் ஒருமுறை சொன்னாராம்.

வீட்டிலும் இந்தப் பழக்கம் அவரை விடவில்லை. சாப்பிட வரலாம் என்பதைக்கூட மாடிப்படியின் கீழே நின்று இரண்டு தடவைதான் சொல்வார். எந்த நடைமேடை என்று நான் மேலேயிருந்து கேட்பேன். அவர் பதில் சொல்ல மாட்டார்; எனக்குக் குழம்பு மட்டும் கொஞ்சம் குறைவாக வரும். அவர் என் அண்ணனின் மனைவி. அண்ணன் ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன். அவர்கள் கீழ் வீட்டில், நானும் என் மனைவியும் மேல் வீட்டில். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன்.

வருடம் முழுக்கப் பேசிச் சம்பளம் வாங்குகிற இந்த மனுஷி, கிறிஸ்துமஸ் அன்று மாலை தொடங்கிப் புத்தாண்டுக் காலை வரைக்கும் வாயைத் திறப்பதில்லை. அதற்காகவே லீவு சேர்த்து வைப்பார். தேவாலயத்துக்கு வருகிறவர்களில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். அவர் ஆரம்பித்து வைத்த மௌன வாரம் இது. வருடம் முழுக்க வாயைத் திற, வாயைத் திற என்று சொல்கிறவர், இந்த ஒரு வாரம் எல்லாரையும் வாயை மூடச் சொல்வார். பத்திருபது பேர் சேர்வோம். பகலில் அவரவர் வீட்டில் இருக்க வேண்டும். போன் கிடையாது, டிவி கிடையாது. மாலையில் தேவாலயத்தை ஒட்டிய மாடி அறையில் கூட வேண்டும். அது பாடகர் குழுவின் சாமான்களைப் போட்டு வைக்கும் அறை. உடைந்த மைக் ஸ்டாண்டுகள், கட்டுக் கட்டாகப் பாட்டுப் புத்தகங்கள், போன வருடத்துக் கிறிஸ்துமஸ் குடிலில் மிஞ்சிய மூக்கில்லாத பொம்மை ஆடு ஒன்று, இவற்றுக்கு நடுவில் பாய் விரித்து உட்கார்வோம்.

நான் அரை மௌனக்காரன். கடைக்கு வருகிறவரிடம் எந்த வரி வரைக்கும் தெரிகிறது என்று கை ஜாடையில் கேட்க முடியாது. அதனால் பகலில் பேசுவேன், மாலையில் மூடிக்கொள்வேன். டாக்டர் மூச்சைக் கவனிக்கச் சொல்வார். நான் என் முழங்காலைக் கவனித்துக்கொண்டிருப்பேன். பிறகு, போகிற வருடத்தை ஜனவரியிலிருந்து மாதம் மாதமாக மனதுக்குள் நடந்து பார்க்கச் சொல்வார். எனக்கு மார்ச் தாண்டுவதற்குள் தூக்கம் வந்துவிடும். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அந்த அறையில் எனக்குக் கிடைத்த தூக்கம் வீட்டில் கிடைத்ததே இல்லை.

கடைசியாக நாற்காலி. அறையின் நடுவில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதன் எதிரில் இன்னொன்றைப் போடுவார் டாக்டர். ஒவ்வொருவராகப் போய் உட்கார வேண்டும். யாரை நினைத்தால் சோறு இறங்காதோ அவரைக் காலி நாற்காலியில் மனதால் உட்கார வைக்க வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டும். உன்னை மன்னித்தேன், நிம்மதியாக இரு என்று உள்ளுக்குள் சொல்ல வேண்டும். பிறகு சிரித்த முகத்தோடு கும்பிட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். நான் வருடா வருடம் என் கடை முதலாளியை உட்கார வைத்து மன்னிப்பேன். ஜனவரி இரண்டாம் தேதி கடை திறந்ததும் அவர் அதை ரத்து செய்துவிடுவார்.

அண்ணி யாரை உட்கார வைக்கிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவருடைய கூடப்பிறந்த அண்ணன். குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வை வேலை என்பதால் எங்கள் வீட்டில் அவருக்குக் கிடங்கு என்றே பெயராகிவிட்டது. அண்ணிக்குக் குழந்தை பிறந்த சமயத்தில் அவருடைய அப்பா வேறு ஊரில் படுக்கையில் விழுந்தார். பச்சை உடம்புக்காரியை அலைக்கழிக்க வேண்டாம் என்று கிடங்கு தானாகவே முடிவு செய்து, தகவல் சொல்லவில்லை. அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார். அண்ணி பிறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இனி உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று போனில் சொன்னார். சொன்னபடியே இருந்தார். கிடங்கு சில தடவை போனில் கூப்பிட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. பிறகு அவரும் விட்டுவிட்டார். மடியில் இருந்த அந்தக் குழந்தை இப்போது வெளியூரில் காலேஜ் படிக்கிறது.

மௌன வாரத்துக்கு வந்த முதல் வருடம், நாற்காலிக்கு எதிரில் அண்ணியால் உட்காரவே முடியவில்லை. அறையை விட்டு வெளியேறி மாடிப்படியில் போய் நின்றார். அடுத்த வருடம் உட்கார்ந்தார், அழுதார். அப்புறம் அழுகை குறைந்தது. பின்பு முகத்தில் ஒரு தெளிவு வந்தது. டாக்டரே அவரை உதாரணமாகச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்து மௌனம் கலையும்போது, இந்த வருடமும் அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று எங்களிடம் சொல்வார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எல்லாரும் கேக் சாப்பிடுவோம். வருடா வருடம் மன்னிக்கப்பட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இந்த முறை கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். பகல் வேளை. என் அண்ணன் டியூட்டியில், நான் கடையில், என் மனைவி அவளுடைய அம்மா வீட்டில். அண்ணி கீழே தனியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. கதவைத் திறந்தால் கிடங்கு நிற்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில், நோயாளியைப் பார்க்க வருகிறவர் மாதிரி, ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். இனி சொல்லப்போவது அண்ணி எனக்குப் பிறகு சொன்னதுதான்.

அண்ணி கையால் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எதிரில் உட்கார்ந்தார். கிடங்கு டம்ளரை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி பேசினார். பக்கத்து ஊர்க் கிடங்குக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள் ஆகின்றன. காலையிலும் மாலையிலும் எங்கள் பேருந்து நிலையத்தில்தான் வண்டி மாறுகிறார். முதல் நாளே ஒலிபெருக்கியில் வந்த குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டதாம். மாடி ஏறி வந்து பார்க்கத் துணிச்சல் இல்லை. குரலைக் கேட்பார், வண்டி ஏறுவார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வேறொரு பெண்ணின் குரல் வந்தது. மறுநாளும் அவள்தான். விசாரணை ஜன்னலில் கேட்டதற்கு லீவு என்று மட்டும் சொன்னார்கள். உடம்புக்கு என்னமோ வந்துவிட்டது என்று பயந்துபோய், விலாசம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

கடைசியில் தலையைத் தூக்கி, இன்னும் கோபம்தானா என்று கேட்டார். நாற்காலி, அதில் அண்ணன், எதிரில் தான். அண்ணிக்கு அது வருடக்கணக்காகப் பழகிய காட்சி. உடம்பு தானாகவே அந்தப் பழக்கத்துக்குப் போய்விட்டது. அவருடைய முகத்தைக் கனிவாகப் பார்த்தார். உள்ளுக்குள் சொல்ல வேண்டியதைச் சொன்னார். சிரித்த முகத்தோடு கும்பிட்டார். எழுந்து நின்றார்.

மௌன வாரம் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. பேச மாட்டேன் என்று சொன்ன தங்கை, வீடு தேடி வந்த பிறகும் பேசாமல், ஒரு கும்பிடு போட்டு வாசலைக் காட்டுகிறாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார், பழப் பையை அதன் பக்கத்தில் வைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணி கேட் வரைக்கும் ஓடினார். அவர் தெருமுனையைத் திரும்பிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை. விரதத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேனா, இல்லை பழைய வீம்புதானா என்று எனக்கே தெரியவில்லை என்றார் அண்ணி. அவர் பூசி மெழுகிப் பேசுகிறவர் இல்லை.

அன்று மாலை மாடி அறையில் வழக்கம்போலக் கூடினோம். எங்கள் யாருக்கும் எதுவும் தெரியாது. மூச்சைக் கவனிப்பது முடிந்தது, மாதங்களை நடந்து பார்ப்பதும் முடிந்தது. நாற்காலியைப் போட்டார்கள். அண்ணியின் முறை வந்தது. அவர் எழுந்து போனார், உட்காரவில்லை. காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்த அந்த அறையில், ஊருக்கே தெரிந்த அந்தக் குரல் கேட்டது.

"எங்க அண்ணன் இன்னிக்கு வீட்டுக்கே வந்தாரு. நான் கும்பிடு போட்டு அனுப்பிட்டேன்."

கண்கள் எல்லாம் திறந்துகொண்டன. டாக்டர் எழுந்து வந்தார். நல்ல மனிதர், ஆனால் இப்படி ஒன்றை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. இப்போது அமைதியாக உட்காருங்கள், மௌனம் முடியட்டும், புத்தாண்டுக்குப் பிறகு அவரைத் தேடிக்கொள்ளலாம் என்று காதருகில் சொன்னார்.

"மௌனம் முடிஞ்சுடுச்சு டாக்டர்," என்றார் அண்ணி. எங்கள் பாய்களைத் தாண்டி நடந்து, கீழே இறங்கிவிட்டார். டாக்டர் அந்தக் காலி நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாத்தினார். அன்றைக்கு வேறு யாரையும் அவர் கூப்பிடவில்லை.

கிடங்கின் போன் நம்பர் அண்ணியிடம் இல்லை. காலையில் அவர் பக்கத்து ஊருக்கு எந்த வண்டி மாறுவார் என்பது மட்டும் தெரியும். அதை அண்ணியைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? மறுநாள் காலையில் என் கதவைத் தட்டினார். என் அண்ணனுக்குக் காலை ஷிப்ட். அதனால் நான்தான் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன் என்பதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடைமேடையில் வரிசை நின்றுகொண்டிருந்தது. கிடங்கு நடுவில், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். தங்கையைப் பார்த்ததும் வரிசையை விட்டு வெளியே வந்தார். ஆனால் கிட்டே வரவில்லை. அண்ணிதான் போனார். நான் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன். அண்ணி வாயைத் திறந்தார். பழகி வைத்தது வரவில்லை.

"ஏன் சொல்லலை?" என்றார். "ஏன் சொல்லலை?"

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தினமும் மேலேயிருந்து கேட்கிற குரல் தங்களுக்குப் பக்கத்தில் நின்று கோபமாகக் கேட்கிறது. கிடங்கு தணிந்த குரலில் பழையதையே சொன்னார். பச்சை உடம்பு, கைக்குழந்தை, நீண்ட பயணம். அண்ணி அவரைப் பேசவிடவில்லை. வருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது நான், நீ யார் என்று கேட்டார். அப்பா உனக்கு மட்டும்தான் அப்பாவா என்று கேட்டார். இத்தனை வருடமும் அந்த மாடி அறையில் கனிவாகச் சிரித்துக்கொண்டிருந்த முகமா இது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வண்டி வந்து நின்றது. வரிசை ஏறியது. அவர் ஏறவில்லை.

"நல்லா திட்டு," என்றார். "நேத்து மாதிரி கும்பிடு மட்டும் போடாதே."

அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். அவரும் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். வண்டி பின்வாங்கித் திரும்பிப் போயிற்று. அது போகும் வரைக்கும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அண்ணி, இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்காததை அவரிடம் கேட்டார். அப்பா என்னைத் தேடினாரா?

கிடங்கு சாப்பாட்டுப் பையின் வாரைச் சுருட்டினார், பிரித்தார். மேலே ஒலிபெருக்கியில் அண்ணியின் லீவுக்குப் பதிலாக வந்திருந்த பெண் ஏதோ ஒரு வண்டி தாமதம் என்று அறிவித்துக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார்.

"காலையிலேயே கேட்டாரு. நீ பஸ்ஸுல வந்துட்டு இருக்கேன்னு சொன்னேன். எந்த பஸ்ஸுன்னு கேட்டாரு. ஒண்ணு சொன்னேன். அந்த நேரம் தாண்டினதும், கூட்டமாம்ப்பா, ஏற முடியலையாம், அடுத்ததுல வராளாம்னு சொன்னேன். பிள்ளையைத் தூக்கிட்டு வராளான்னாரு. ஆமான்னேன். வெயில் படாம ஜன்னலை மூடிக்கச் சொல்லுன்னாரு. சாயங்காலம் வரைக்கும் பஸ் லேட்டு, பஸ் லேட்டுன்னே சொல்லிட்டு இருந்தேன். கதவு பக்கமா தலையைத் திருப்பி வைக்கச் சொன்னாரு. அப்படியேதான் போனாரு."

பிறகு, இங்கே தினமும் நின்று, அந்த வண்டி தாமதம், இந்த வண்டி தாமதம் என்று நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாடி ஏறி வருவது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப்போய் நின்றேன். அவர்கள் பேசுவது அங்கேயும் கேட்டது.

அண்ணி அழவில்லை. அடுத்த வண்டிக்கு ஆட்கள் வந்து வரிசை கட்டத் தொடங்கினார்கள். ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெஞ்சில் இடமிருக்கிறதா என்று பார்த்தாள். அண்ணி நகர்ந்து தன் அண்ணனின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"நான் மன்னிச்சதெல்லாம் வேற விஷயம், அண்ணா," என்றார். "இது எனக்குத் தெரியாது. இதுக்கு எனக்கு நாளாகும். அதுவரைக்கும் தினமும் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டுப் போ."

"எத்தனை நாளாகும்?" என்று கேட்டார் அவர்.

"தெரியாது. நீ வா."